அந்தமான் தீவுகள்: கடற்கரையும் காட்டுவழியும்

வங்காள விரிகுடாவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிகோபார் தீவுக் கூட்டம், கடலுள் மூழ்கிக் கிடக்கும் ஒரு மலைத்தொடரின் முகடுகளே ஆகும். மியான்மரின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுக்கடியில் தொடர்ந்து சென்று சுமத்ராவை நோக்கி வளைகிறது. அதன் சிகரங்களில் நீருக்கு மேல் தலைகாட்டுபவற்றையே நாம் தீவுகள் என்கிறோம். சிறு திட்டுகளையும் பாறைகளையும் சேர்த்து எண்ணினால் இவை 836 ஆகும். மொத்தப் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மனிதர் வாழும் தீவுகள் 31 மட்டுமே. அவற்றில் வாழ்வோர் 3,80,581 பேர்.

இந்த எண்ணிக்கையை மனத்திற்கொண்டு மற்றோர் எண்ணிக்கையையும் நோக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டில் இத்தீவுகளுக்கு வந்த சுற்றுலாப் பயணிகளின் தொகை ஐந்து லட்சத்தை நெருங்கியது. ஒரே ஆண்டில் வீட்டாரைக் காட்டிலும் விருந்தினர் மிகுந்துவிட்டனர் என்பது இதன் பொருள். அவர்கள் காண வருபவை கடற்கரைகள், பவளப்பாறைகள், காட்டுவழிகள், பழைய சிறைச்சாலை ஆகியவை. இவற்றுள் சிறைச்சாலை ஒன்றைத் தவிர மற்ற யாவும் உயிருள்ளவை, தேயக் கூடியவை. அவை எவ்வாறு உருவாயின, எவ்வாறு இயங்குகின்றன என்று அறிந்து செல்லும் பயணி மிகுதியாகக் காண்கிறான், குறைவாகவே கெடுக்கிறான்.

தீவுகளின் தலைநகர் நெடுங்காலம் போர்ட் பிளேர் என வழங்கப்பெற்றது. 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயரிடப்பட்டது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்திற்குள் சென்றுவிடலாம். கப்பலில் ஏறத்தாழ மூன்று நாளாகும். நேரம் உள்ள மாணவர்களுக்குக் கப்பலையே பரிந்துரைப்பேன். நிலத்தின் சுவடே இல்லாத நீர்ப்பரப்பை மூன்று நாள் கண்ட பின்னரே, தீவு என்ற சொல்லின் முழுப் பொருளும், அங்கு வந்து சேரும் ஒவ்வொரு மூட்டை அரிசியின் விலையும் விளங்கும். நகரில் மொழிச் சிக்கலும் இராது. வங்காளியும் இந்தியும் பேசுவோருக்கு அடுத்தபடியாக இங்கு மிகுதியாக இருப்போர் தமிழ் பேசுவோரே.

நகரைச் சுற்றி

1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையைப் பற்றிப் பாடநூல்களே போதுமான அளவு கூறுகின்றன. ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. 1979-இல் இது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எதிரே சிறு தொலைவில் தெரியும் ராஸ் தீவு, ஆங்கிலேயர் ஆட்சியின் தலைமையிடமாக இருந்தது. 2018 டிசம்பர் முதல் அதன் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்திற்குப் பின் கைவிடப்பட்ட மாதா கோவில், அலுவலர் குடியிருப்பு ஆகியவற்றின் சுவர்களை இப்போது ஆலமர இனத்தின் வேர்கள் தாங்கி நிற்கின்றன. அங்கே திரியும் புள்ளிமான்களுக்குப் பயணிகள் தின்பண்டம் கொடுத்து மகிழ்வதுண்டு. இம்மான்கள் இத்தீவுகளுக்கு உரியவை அல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை. வேட்டையாடும் பெருவிலங்கு எதுவும் இல்லாத காட்டில் அவை பெருகி, முளைவிடும் மரக்கன்றுகளைத் தின்றுவிடுகின்றன. அதனால் காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது தடைப்படுகிறது. அழகாகத் தோன்றும் எல்லாம் அவ்விடத்திற்குப் பொருந்தியது ஆகாது.

மணலும் ஓதமும்

ஹேவ்லாக் என வழங்கிய ஸ்வராஜ் தீவும், நீல் என வழங்கிய ஷாஹீத் தீவும் பயணிகள் மிகுதியாகச் செல்லும் இடங்களாகும். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்கள் இவ்விரண்டிலும் குடியமர்த்தப்பட்டன. காடு திருத்தி ஊர் அமைத்தவர்கள் ஒரு தீவில் கோவிந்தநகர், கிருஷ்ணநகர், ஷ்யாம்நகர், ராதாநகர் என்று பெயரிட்டனர். மற்றொன்றில் ராம்நகர், லட்சுமண்பூர், பரத்பூர், சீதாபூர் என்று பெயரிட்டனர். ஒன்று கண்ணனுடையது, மற்றொன்று இராமனுடையது. வழிகாட்டி நூல்களில் இப்பெயர்கள் கடற்கரைகளின் பெயர்களாக மட்டுமே காணப்படுகின்றன. அவை வேளாண் குடிகளின் ஊர்கள் என்பதைப் பயணி மறத்தலாகாது. ஷாஹீத் தீவின் காய்கறிகள்தாம் தலைநகரின் சந்தைக்கும் செல்கின்றன.

ஸ்வராஜ் தீவின் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் கடற்கரையை 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை எனக் குறிப்பிட்டது. 2020-இல் தூய கடற்கரைகளுக்குரிய நீலக்கொடிச் சான்றும் அதற்குக் கிடைத்தது. அங்கு அகன்ற மணற்பரப்பும் அலையும் உண்டு. நாள் முழுதும் குளிக்கலாம். அதே தீவின் கிழக்குக் கரையில் தங்குமிடம் எடுத்துக்கொண்ட ஒருவர், காலையில் கண் விழித்துக் கடலைக் காணாமல் திகைக்கக்கூடும். நீர் வெகுதூரம் பின்வாங்கி, கரடுமுரடான பாறைத் தளமே எதிரில் கிடக்கும். பிற்பகலில் அதே இடத்தில் இடுப்பளவு நீர் நிற்கும்.

இதற்குக் காரணம் ஓதம். இப்பகுதியில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஏறும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே இரண்டு மீட்டர் அளவுக்கு வேறுபாடு உண்டாகிறது. கிழக்குக் கரையை ஒட்டி, ஆழம் குறைந்த பவளத் தளம் அகன்று கிடப்பதால், நீர் சிறிது இறங்கினாலும் தளம் முழுதும் வெளிப்பட்டுவிடுகிறது. ராதாநகர் விரிகுடாவில் அத்தகைய தளம் இல்லை. எனவே ஓத நேர அட்டவணையை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஷாஹீத் தீவின் லட்சுமண்பூரில் இயற்கையே அமைத்த ஒரு பாறை வளைவு உள்ளது. குடியேறிய வங்காளிகள் கல்கத்தாவின் நினைவாக அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்துவிட்டனர். அதனிடம் கடல் வற்றிய வேளையில் மட்டுமே நடந்து செல்ல முடியும். நடக்கும்போது காலடியில் உள்ள குழிகளில் கடல் அட்டை, நண்டு, சிறு மீன், உயிருள்ள பவளம் ஆகியவை கிடக்கும். மிதித்த பவளம் பிழைப்பதில்லை.

இக்கரைகளின் வெண்மணல் எங்கிருந்து வருகிறது? நம் தமிழகக் கடற்கரை மணல், ஆறுகள் மலையைத் தேய்த்துக் கொண்டுவந்தது. இங்கோ பேராறுகள் இல்லை. வெண்மணலில் பெரும்பகுதி பவளமும் சிப்பியும் சுண்ணாம்புப் பாசியும் உடைந்து பொடியானதே ஆகும். கிளிமீன்கள் பவளப்பாறையைக் கொறித்து, அதன் மேலுள்ள பாசியைச் செரித்துக்கொண்டு, சுண்ணாம்பை மணலாக வெளியேற்றுகின்றன. ஆகவே கடற்கரை என்பது பவளப்பாறையின் உற்பத்திப் பொருள். பாறை இறந்தால் சில ஆண்டுகளுக்கு மணல் இருக்கும். பிறகு வரும் புயல்கள் அரித்துச் செல்லும் அளவை ஈடுசெய்யப் புது மணல் வராது. அதோடு அலையின் வேகத்தைத் தடுக்கும் அரணும் இல்லாமற் போகும்.

ஒரு காலத்தில் கட்டடங்களுக்காக இக்கரைகளிலிருந்தே மணல் அள்ளப்பட்டு வந்தது. ஆமைகள் முட்டையிடும் கரைகளும் இதற்குத் தப்பவில்லை. 2002-இல் உச்சநீதிமன்றம் பிறப்பித்த ஆணை, மணல் எடுப்பதையும் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையும் கட்டுப்படுத்தியது. கட்டுமானச் செலவு கூடியது என்ற முறையீடு எழுந்தது. அது உண்மையே. ஆயினும் கடற்கரையைக் கரைத்துக் கட்டிய விடுதியில், கடற்கரை காண வருவோரைத் தங்க வைப்பது எத்தகைய சிக்கனம் என்பது எனக்கு விளங்கவில்லை.

காடும் பவளமும்

நகருக்கு எதிர்க்கரையில் உள்ள ஹேரியட் மலை, நடைப்பயணத்திற்குத் தொடக்கமாக அமையத் தக்கது. 383 மீட்டர் உயரமுள்ள இம்மலை, ஓர் ஆங்கிலேய நிர்வாகியின் மனைவி பெயரால் வழங்கிவந்தது. 1891-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் மணிப்பூர் அரசர் குலச்சந்திர துவஜ சிங்கும் அவரைச் சேர்ந்தவர்களும் இங்கு நாடு கடத்தப்பட்டதன் நினைவாக, 2021-இல் இது மணிப்பூர் மலை எனப் பெயர் பெற்றது. சாத்தம் துறையிலிருந்து படகில் பாம்பூ பிளாட் சேர்ந்து மலையேறலாம். உச்சியருகே ஓரிடத்தில் நின்று வடக்கு விரிகுடாவையும் கலங்கரை விளக்கத்தையும் நோக்கினால், முன்பே பார்த்த காட்சி போலத் தோன்றும். பழைய இருபது ரூபாய்த் தாளின் பின்புறத்தில் இருந்தது இக்காட்சியே. 1872 பிப்ரவரி 8-ஆம் நாள் வைசிராய் மேயோ பிரபு இம்மலையில் சூரியன் மறைவதைக் கண்டுவிட்டு இறங்கி வந்தபோதுதான், கீழே ஹோப்டவுன் படகுத்துறையில் ஷேர் அலி அஃப்ரிடி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றார். உச்சியிலிருந்து காலாபத்தர் என்னும் பாறை வரை சுமார் இரண்டு கிலோமீட்டர். அதற்கப்பால் மதுபன் கடற்கரை வரை செல்லும் வழி நெடியது. மழைக்காலத்தில் அட்டை மிகுதி, வழுக்கலும் உண்டு.

இவ்வழியில் நடப்போர் நிமிர்ந்து மரத்தைக் காண்பதோடு, குனிந்து மண்ணையும் காண வேண்டும். படாக், குர்ஜன் முதலிய பெருமரங்கள் வானளாவ நிற்பதைக் கண்டு, மண் மிக வளமானது என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. வளம் மண்ணில் இல்லை. விழுந்து மட்கும் இலைப் படுகையிலும் மரங்களிலுமே இருக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை, செங்குத்தான சரிவுகளில் பெய்கிறது. மரக்கவிகை மழைத்துளியின் வேகத்தைத் தணிக்கிறது. இலைப் படுகை நீரை உறிஞ்சி மெல்ல விடுகிறது. மரம் நீங்கினால் மண் சில பருவங்களிலேயே கரைந்து கடலில் சேரும்.

அப்படிச் சேரும் சேறே பவளத்திற்கு எமன். பவள உயிரியின் உடலுள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை சூரிய ஒளியால் சமைக்கும் உணவே பவளத்தின் பெரும்பகுதி உணவு. நீர் கலங்கினால் ஒளி புகாது. சேறு படிந்தால் உயிரி மூச்சுத் திணறும். மலைச்சரிவுக் காட்டிற்கும் கடலடிப் பவளத்திற்கும் இடையே உள்ள கண்டல் காடுகள் இச்சேற்றை வடிகட்டி நிறுத்துகின்றன. ஆகவே காடு, கண்டல், பவளம், மணல் ஆகிய நான்கும் ஒரே அமைப்பின் நான்கு படிகள். ஸ்வராஜ் தீவில் எலிஃபண்ட் கடற்கரைக்குச் செல்லும் சுமார் இரண்டு கிலோமீட்டர்க் காட்டுவழியில் இந்நான்கையும் ஒரே நடையில் கண்டுவிடலாம். பலர் படகிலேயே சென்றுவிடுகின்றனர், நடப்பதே மேல். முன்பு மரம் இழுக்க யானைகள் வைத்திருந்ததன் நினைவே அப்பெயர். அவை தீவு விட்டுத் தீவு நீந்தும் வல்லமை பெற்றவை. கடலில் நீந்தி உலகப் புகழ் பெற்ற ராஜன் என்னும் யானை 2016-இல் இறந்தது.

சேற்றைத் தடுத்தாலும் வெப்பத்தைத் தடுக்க இயலவில்லை. கடல்நீர், வழக்கமான கோடை வெப்பத்தினும் ஓரிரண்டு பாகை கூடி, சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளுத்துவிடும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இங்கு இது நிகழ்ந்தது. வெப்பம் விரைவில் தணிந்தால் பவளம் மீளும். மிதித்தலும் நங்கூரமும் அழுக்கு நீரும் சேர்ந்து வருத்தினால் மீள்வது கடினம். உலக வெப்பத்தை ஒரு மாவட்ட அதிகாரி குறைக்க முடியாது. நங்கூரத்தைத் தடுக்க முடியும்.

1983-இல் வண்டூரில் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் நடைமுறை இவ்வகையில் பின்பற்றத் தக்கது. பதினைந்து தீவுகள் கொண்ட இப்பூங்காவில், பயணிகளுக்குரிய ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்னும் இரண்டும் மாறி மாறித் திறக்கப்படுகின்றன. கடல் அமைதியாக உள்ள மாதங்களில் ஒன்று. மே நடுப்பகுதிக்குப் பின் மற்றொன்று. ஒன்று திறந்திருக்கையில் மற்றது ஓய்வு கொள்கிறது. உழவர் நிலத்தைத் தரிசு போடுவது போன்றதே இது. பிளாஸ்டிக் பொருள்கள் கரையிலேயே தடுக்கப்படுகின்றன. குடிநீர்க் குப்பிக்கு முன்பணம் வாங்கி, திரும்பக் காட்டினால் பணம் தருகின்றனர்.

குடிநீர்க் கணக்கு

பயணிகள் மிகுதியாக வருவது டிசம்பர் முதல் ஏப்ரல் வரை. கடல் அமைதியாகவும் வானம் தெளிவாகவும் இருப்பதே காரணம். வானம் தெளிவு என்பதற்கு மழை இல்லை என்பதே மறுபொருள். நீர் மிகக் குறைந்த மாதங்களில் ஆட்கள் மிக மிகுதி. மே முதல் கொட்டும் பெருமழையோ குறுகிய ஓடைகள் வழியே சில மணி நேரத்தில் கடலை அடைந்துவிடுகிறது. தலைநகரின் முக்கிய ஆதாரமான தனிக்காரி அணையின் நீர் கோடையில் வற்றும்போது, வீடுகளுக்கு முறை வைத்தே நீர் விடப்படுகிறது.

சிறு தீவுகளின் நிலை இதனினும் நுட்பமானது. அங்கு நிலத்தடியில் நன்னீர், கனமான உப்புநீரின் மேல் ஒரு குவிந்த தகடு போல மிதக்கிறது. இரண்டின் அடர்த்தி வேறுபாட்டின் காரணமாக, கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் வரை அது நிற்கும் என்பது கணக்கு. இதை மறுபுறம் திருப்பிப் பார்த்தால் அபாயம் தெரியும்: இறைத்து இறைத்து மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் நாற்பது மீட்டர் வரை மேலேறக்கூடும். உப்பேறிய கிணறு மீண்டும் இனிக்கப் பல மழைக்காலங்கள் வேண்டும். ஒரு விடுதியின் நீச்சற் குளமும் புல்வெளியும் அயல் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியோடு போட்டியிடுவது இவ்வகையிலேயே. கட்டட அனுமதி வழங்கும்போது அறைகளின் எண்ணிக்கையைக் கேட்பதுபோல, மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவையும் கேட்பது இங்கு அவசியம்.

பாரடாங் சாலை

பாரடாங் தீவில் சுண்ணாம்புக் குகைகளும் சேறு கக்கும் சிறு எரிமலைகளும் உள்ளன. கண்டல் மரங்கள் இருபுறமும் கவிந்த கழியில் படகில் சென்று குகையை அடைவது இனிய அனுபவம். ஆனால் அங்குச் செல்லும் அந்தமான் நெடுஞ்சாலை, ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 50 கிலோமீட்டர், ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே செல்கிறது. 1997-98 வரை வெளியாரோடு நட்புறவு கொள்ளாதிருந்த இம்மக்கள், 2011 கணக்கின்படி 380 பேர். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய், பழக்கமில்லாத உடலுக்குப் பெருங்கேடாகும்.

2002-ஆம் ஆண்டு ஆணையிலேயே உச்சநீதிமன்றம் இச்சாலைப் பகுதியை மூடுமாறு கூறியது. வடக்கே உள்ள ஊர்களின் நோயாளிகளும் மாணவர்களும் வணிகரும் இச்சாலையையே நம்பியுள்ளனர் என்பது நிர்வாகத்தின் வாதம், சாலை மூடப்படவில்லை. 2012 தொடக்கத்தில், பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் செய்த காட்சிப்படம் வெளியாகி நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அவ்வாண்டே பழங்குடியினர் பாதுகாப்பு விதிமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. 2013 ஜனவரியில் சுற்றுலாப் போக்குவரத்துக்கு உச்சநீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடை சில வாரங்களே நீடித்தது. வாகனங்கள் குறித்த நேரங்களில் காவலுடன் அணியாகச் செல்ல வேண்டும். நிற்றல், படமெடுத்தல், உணவு கொடுத்தல் ஆகியவை குற்றம்.

ஊர் மக்களின் தேவை வேறு, பயணியின் விருப்பம் வேறு என்று பிரித்துக் காண்பதே நேர்மை. பாரடாங்கிற்குக் கடல்வழிப் படகும் ஏற்படுத்தப்பட்டுள்ளது, நேரம் கூடுதலாகும். குகை காண விரும்புவோர் அவ்வழியே செல்லட்டும். படகு இல்லாத நாளில் குகை காணாமல் திரும்புவதால் யாருக்கும் நட்டமில்லை. நிகோபார்த் தீவுகள் பழங்குடிப் பகுதியாதலால் சுற்றுலாவுக்குத் திறக்கப்படவில்லை என்பதையும் இங்குச் சேர்த்துக் கூற வேண்டும்.

வடகோடியில்

வடக்கு அந்தமானின் திக்லிப்பூர் வரை செல்வோர் குறைவு. அதனாலேயே அங்குச் செல்வது சிறப்பு. அந்தமானின் மிக உயரமான சாடில் சிகரம் (732 மீட்டர்) அங்குள்ளது. லாமியா விரிகுடாவில் வனத்துறையின் அனுமதி பெற்று விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும். வழி முதலில் கடலோரக் கற்களின் மேலும், பிறகு செங்குத்தான மழைக்காட்டினூடும் சுமார் எட்டு கிலோமீட்டர் செல்கிறது. திரும்பும்போது ஓதம் ஏறியிருந்தால் கரையோரப் பகுதி சிரமம் தரும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிலநடுக்கம் இத்தீவுகளை ஒரு தராசுபோல் சாய்த்துவிட்டதை இங்கு நேரில் காணலாம். வடக்கில் நிலம் உயர்ந்தது. நீருக்குள் இருந்த பவளத்தளங்கள் வெளியே வந்து வெயிலில் மடிந்தன. தெற்கு அந்தமானில் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தலைநகரை அடுத்த சிப்பிகாட்டின் நெல்வயல்கள் உப்பு நீர்ச் சதுப்பாகி, இப்போது நீர்ப்பறவைகளின் புகலிடமாக உள்ளன. நாட்டின் தென்கோடியான இந்திரா முனையில் நிலம் நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுள் நிற்கிறது. கடற்கரையை ஒட்டிக் கட்டடம் எழுப்பலாகாது என்னும் விதியை வெறும் தாள் விதியென எண்ணுவோர் இம்மூன்று இடங்களையும் காண வேண்டும்.

சிகரத்தின் அடிவாரத்திற்கு அருகில் உள்ள காலிப்பூர் கடற்கரையில் பேராமை, அழுங்காமை, பச்சை ஆமை, பங்குனி ஆமை ஆகிய நான்கு இனங்களும் முட்டையிட வருகின்றன. ஒரே கரையில் நான்கும் வருவது அரிது. குளிர்கால இரவுகளில் ஏறி வரும் ஆமை, மனித நடமாட்டத்தையோ வெளிச்சத்தையோ கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டைகளை நாயும் பன்றியும் தோண்டாதிருக்க, வனத்துறையினர் அவற்றை எடுத்து வேலியிட்ட பொரிப்பிடத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். பார்க்க விரும்புவோர் அனுமதி பெற்று உடன் நிற்கலாம். கைவிளக்கை அணைத்துவிட வேண்டும். ஏனெனில் பொரித்த குஞ்சு, இருளில் எந்தப் பக்கம் ஒளி தெரிகிறதோ அதுவே கடல் என்று எண்ணி நகர்கிறது.